இன்ஜின் எங்க தம்பி?

கோரிமேட்டுல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. தண்டவாளம் கிடையாது. ராத்திரி தூக்கத்துல ஒரு 'பாம்ம்ம்' சத்தம்கூட கேக்காது. அப்புறம் எதுக்குய்யா கோரிமேட்டுலேருந்து ஒரு ரயில் கதைன்னு கேக்கறீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ், வண்டி இப்பதான் கிளம்புது!

புதுச்சேரிக்குத் திண்டிவனம் ரோட்டு வழியா வர்றவங்களுக்கு கோரிமேடுதான் வாசற்படி. இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. சென்னை பஸ் கண்டக்டர், 'ஜிப்மர்லாம் எறங்கு'ன்னு ஒரு குரல் கொடுத்தா பாதி பஸ் காலியாகும். இறங்குறவங்க கையில எல்லாம் ஒரு மஞ்சப் பை இருக்கும். அதுக்குள்ள ஒரு ஃபைல், எக்ஸ்ரே கவர், ஒரு தண்ணி பாட்டில், வீட்டுலேருந்து கட்டிக்கிட்டு வந்த புளிசாதம். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம்னு எங்கெங்கேருந்தோ வருவாங்க. 1823-ல பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியில ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளி, 1964-ல ஜிப்மர்னு பேர் மாறி, இன்னிக்கு கோரிமேட்டோட அடையாளமே அதுதான். காலையில அஞ்சு மணிக்கு நீங்க இங்க டீ குடிக்கப் போனா, ஊரே முழிச்சிருக்கும்.

நான் அப்ப மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கோரிமேட்டுல மாடி ரூம். கூட இருந்தவன் பேரு வேதா. (நிஜப் பேரு வேற. ஊர் வேதாரண்யம்ங்கறதால வந்த பட்டப்பேரு. அவன் அம்மாவே மறந்துட்டாங்கன்னா பாத்துக்கங்க.) அவனோட அப்பாயிக்கு சுகர், பிரஷர், கூடவே கொஞ்சம் இதயப் பிரச்சனை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஜிப்மர் வந்து காட்டிட்டு, மாத்திரை வாங்கிட்டுப் போகணும்.

2023 ஆகஸ்ட்ல அப்பாயி வந்தப்ப, அவங்க கார்டை நான் சும்மா புரட்டிப் பார்த்தேன். நடுவுல ரெண்டு தேதியைக் காணோம்!

'என்ன அப்பாயி, ரெண்டு தடவை வரவே இல்லையா?'

'எங்கய்யா வர்றது? பஸ்ஸு படி ஏற முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. கடலூர் தாண்டறதுக்குள்ள வாந்தி. தொணைக்கு ஒரு ஆளு வேற வரணும், அந்த ஆளுக்கும் அன்னிக்குக் கூலி போச்சு. சரி, நல்லாத்தானே இருக்கோம்னு வுட்டுட்டேன்.'

எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. வேதாரண்யம் இங்கேருந்து இருநூறு கிலோமீட்டர் கிட்ட. மாத்திரை இலவசம், டாக்டர் இருக்காரு, படுக்கை இருக்கு. ஆனா நடுவுல இருக்கற ரோடுதான் அப்பாயிக்கு வியாதியைவிடப் பெரிய எதிரி!

வேதாவுக்கு மறுநாள் பரீட்சை. 'மாப்ளே, நீதான்டா அப்பாயியை ஊர்ல விட்டுட்டு வரணும்'னு கையைப் பிடிச்சான். சரின்னுட்டேன். அப்பாயி போட்ட ஒரே கண்டிஷன்: 'பஸ்ஸு வேணாம். ரயில்ல கூட்டிட்டுப் போ. எங்கூருக்கு மறுபடி ரயிலு வுட்டுட்டாங்கல்ல!'

பசிலிக்கா பக்கத்து ஸ்டேஷன்

கோரிமேட்டுலேருந்து டெம்போ (புதுச்சேரியில ஷேர் ஆட்டோவுக்கு இதான் பேரு) பிடிச்சு, ராஜீவ் காந்தி சிலை, அஜந்தா சிக்னல்னு வந்து ஸ்டேஷனுக்குப் போனோம். திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் பக்கத்துல, கடலுக்கு நடக்கற தூரத்துல ஒரு சின்ன ஸ்டேஷன். ஆனா வரலாறு பெருசு. விழுப்புரம் – புதுச்சேரி பாதை 1879-லயே போட்டது. அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ராஜ்ஜியம், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். ரெண்டு சர்க்காருக்கும் நடுவுல ஒரே தண்டவாளம்!

வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர்... மொத்தமே 38 கிலோமீட்டர். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் போய், அகலப் பாதை வந்து, மேல மின்சாரக் கம்பியும் வந்தாச்சு. இன்னிக்கு இந்தப் பாதையில ஓடறது 'மெமு'. அதாவது மின்சாரத்துல ஓடற குட்டி ரயில்.

டிக்கெட் கவுன்டர்ல அப்பாயி அதிர்ச்சியானாங்க. 'முப்பது ரூவாவா? முன்ன பத்து ரூவாதானே?'

அவங்க சொன்னது சரிதான். கொரோனாவுக்கு முன்னாடி பாசஞ்சர் ரயில்ல குறைஞ்ச கட்டணம் 10 ரூபாய். 2020 மார்ச்ல எல்லா ரயிலும் நின்னுச்சு. திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப அதே பெட்டி, அதே ஸ்டேஷன், அதே வேகம்... ஆனா பேர் மட்டும் 'ஸ்பெஷல்', 'எக்ஸ்பிரஸ்'னு மாறிடுச்சு. கட்டணம் குறைஞ்சது 30 ரூபாய். நமக்கு 20 ரூபாய் ஒரு டீ, ஒரு பஜ்ஜி. போக வர, துணைக்கு ஒரு ஆள்னு கணக்குப் போடறவங்களுக்கு அது 80 ரூபாய்.

'பேரு மாத்துனா வேகமாப் போவுமா தம்பி?'ன்னு கேட்டாங்க அப்பாயி. பதில் தெரியாம ஜன்னலைப் பாத்தேன்.

பூண்டியில ஒரு விடியல்

விழுப்புரத்துல காத்திருந்து தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடிச்சோம். வாரத்துல மூணு நாள்தான் ஓடுது. அப்பாயிக்கு லோயர் பெர்த். மயிலாடுதுறை, திருவாரூர் எல்லாம் தூக்கத்துலயே போச்சு. இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே திருத்துறைப்பூண்டி பிளாட்பாரத்துல நாங்க ரெண்டு பேரும், கொசுவும்.

நேரம் போகணுமேன்னு அப்பாயிகிட்ட பேச்சு கொடுத்தேன். இதே திருத்துறைப்பூண்டி வழியாப் போற திருவாரூர் – காரைக்குடி பாதைக்கு ஒரு சூப்பர் கதை உண்டு. சுமார் 150 கிலோமீட்டர். அகலப் பாதையா மாத்தி, 2019 ஜூன்ல டெமு ரயில் விட்டாங்க. ஊரே மாலையோட வந்து நின்னுச்சு. ஆனா வழியில இருந்த ரயில்வே கேட்டுகள்ல ஆள் போடலை. என்ன பண்றது? கேட் கீப்பர்களை ரயில்லயே ஏத்திக்கிட்டாங்க!

கேட் வந்தா ரயில் நிக்கும். ஒருத்தர் இறங்கி ஓடிப்போய் கேட்டை மூடுவார். ரயில் தாண்டும். மறுபடி நிக்கும். பின்னாடி இருந்தவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அடுத்த கேட்... அதே டிராமா. 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல! பிற்பாடு கேட்டுகளுக்கு ஆள் வந்ததும் நேரம் குறைஞ்சுது.

கேட்டு முடிச்ச அப்பாயி சிரிக்கவே இல்ல. 'ஆறு மணி நேரம் ஆனாலும் வுட்டாங்கள்ல, அதைச் சொல்லு'ன்னாங்க. எனக்குக் காமெடியாத் தெரிஞ்ச ரயில், அவங்களுக்கு ரயிலாத் தெரிஞ்சுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்

லேசா வெளுக்க ஆரம்பிச்சப்பதான் எங்க வண்டியைச் சரியாப் பார்த்தோம். அகஸ்தியம்பள்ளி போற டெமு. அப்பாயி முன்னாடி போய்ப் பாத்தாங்க. பின்னாடி திரும்பிப் பாத்தாங்க. முகத்துல சந்தேகம்.

'ஏந்தம்பி, இன்ஜின் எங்க?'

என் வாழ்க்கையில முதல் தடவையா, மெக்கானிக்கல் படிச்சதுக்கு ஒரு பலன்!

டெமுன்னா டீசல் எலக்ட்ரிக் மல்டிபிள் யூனிட். தனியா இன்ஜின் கிடையாது. முதல் பெட்டியிலயும் கடைசிப் பெட்டியிலயும் டிரைவர் கேபின் இருக்கும். அதுக்குப் பின்னாடி ஒரு அறையில பெரிய டீசல் இன்ஜின். அந்த இன்ஜின் நேரா சக்கரத்தைச் சுத்தாது. ஜெனரேட்டரைச் சுத்தி கரண்ட் எடுக்கும். அந்த கரண்ட் போய்ச் சக்கரத்துப் பக்கத்துல இருக்கற மோட்டாரை ஓட்டும். மிச்ச இடத்துல ஜனங்க உக்காரலாம்.

அப்பாயிக்கு எப்படிச் சொல்றது? 'கல்யாண மண்டபத்துல கரண்ட் போனா ஜெனரேட்டர் போடுவாங்கள்ல... அந்த ஜெனரேட்டரையே பெட்டிக்குள்ள வச்சு ஓட்டறாங்க அப்பாயி.'

'அதான் இந்தச் சத்தமா!'ன்னாங்க. புரிஞ்சிருச்சு. எங்க ப்ரொபசருக்கு இந்தத் திறமை இருந்திருந்தா நான் ரெண்டு அரியர் குறைச்சு வச்சிருப்பேன்.

இதுல பெரிய லாபம் எங்கன்னா, கடைசி ஸ்டேஷன்ல. சாதாரண ரயில்னா இன்ஜினைக் கழட்டி, பக்கத்துத் தண்டவாளம் வழியாச் சுத்திக் கொண்டுவந்து, அந்தப் பக்கம் மாட்டணும். டெமுவுல டிரைவர் தன் பையை எடுத்துக்கிட்டு இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு நடந்தாப் போதும். கடைசிப் பெட்டி முதல் பெட்டியாயிடும். மேல கம்பியும் வேணாம், கீழ கூடுதல் வேலையும் வேணாம். மின்சாரம் போகாத கிளைப் பாதைக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி.

நம்ம நாட்டுல முதல் டெமு 1994-ல பஞ்சாப்ல ஜலந்தர் பக்கம் ஓடுச்சு. பெட்டி செஞ்சது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்! 1955-ல ஆரம்பிச்ச அதே ஃபேக்டரி. கூரையில சோலார் தகடு வச்ச டெமு ஒண்ணு 2017 ஜூலை 14-ல டெல்லியில ஓட ஆரம்பிச்சுது. அதுவும் பெரம்பூர் தயாரிப்புதான். தகட்டுலேருந்து வர்ற கரண்ட் பெட்டிக்குள்ள லைட்டுக்கும் ஃபேனுக்கும். வண்டியை இழுக்கறது வழக்கம்போல டீசல். இப்ப ஹரியானாவுல ஜிந்த் – சோனிபட் பாதைக்குன்னு டெமு வண்டியவே ஹைட்ரஜன்ல ஓடற மாதிரி மாத்தற வேலை நடந்திருக்கு.

கடல் தாண்டிப் போனா இலங்கை. அங்க எந்த ரயில் பாதையிலயும் மின்சாரக் கம்பி கிடையாது. கொழும்புக்கு ஆபீஸ் போறவங்களைச் சுமக்கற குட்டி ரயில்களும் டீசல்தான். அவங்க அதைச் செல்லமா 'பவர் செட்'னு சொல்றாங்க. வேதாரண்யத்துக் கரையிலேருந்து பாத்தா, எதிர்க்கரையிலயும் நம்ம அப்பாயி வண்டியோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரன்தான் ஓடிக்கிட்டிருக்கான்!

37 கிலோமீட்டர் ஊர்ப்பேச்சு

வண்டி கிளம்புச்சு. 'ர்ர்ர்ர்ர்'னு ஒரு உறுமல், லேசா டீசல் வாசனை, ஜன்னல் கம்பியில அதிர்வு. விழுப்புரம் மெமு மாதிரி சத்தமில்லாம நழுவாது. 'நான் வர்றேன்'னு ஊருக்கே சொல்லிட்டுத்தான் வரும்.

திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர். முன்ன மீட்டர் கேஜ் ரயில் ஓடின பாதை. அதை நிறுத்தி, பல வருஷம் தண்டவாளம் மட்டும் கிடந்துச்சு. அகலப் பாதையா மாத்தி, 2023 ஏப்ரல் 8-ந் தேதி பிரதமர் சென்னையிலேருந்து கொடி அசைச்சு இந்த டெமுவை விட்டாங்க. நாங்க ராத்திரி வந்த செங்கோட்டை எக்ஸ்பிரஸுக்கும் அதே நாள்லதான் பச்சைக்கொடி.

கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு... ஊர்ப் பேரைக் கேட்டாலே ஒரு சுகம் இல்ல? அப்பாயி ஜன்னலோரம் உக்காந்து கமென்ட்ரி கொடுத்தாங்க. 'இந்தத் தோப்பெல்லாம் கஜாவுல போச்சு. இதெல்லாம் புதுசா வச்ச தென்னை.' 2018 நவம்பர் 16-ல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறின கஜா புயல். அஞ்சு வருஷம் ஆகியும், நிமிர்ந்து நிக்கற மரத்தைவிட இல்லாத மரத்தைத்தான் அதிகமா எண்ணினாங்க.

'இதே வழியில சின்னப் புள்ளையா இருக்கச்ச திருவாரூர் தேருக்குப் போவோம். அப்ப கரி வண்டி. கண்ணுல தூசி வுழும்.' சொல்லும்போதே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. (தூசியெல்லாம் இல்லை. எனக்குத் தெரியும்.)

ஒரு விஷயத்தைக் கவனிச்சேன். புதுச்சேரியிலேருந்து கிளம்பினதுலேருந்து அப்பாயி ஒரு தடவைகூட முட்டியைப் பிடிக்கலை. பிளாட்பாரத்துலேருந்து ஒரு எட்டு, உள்ள போயாச்சு. வாந்தி இல்லை. காலை நீட்டி உக்காந்து, பக்கத்துல இருந்த பூக்காரம்மாகிட்ட வெத்தலை வாங்கிப் போட்டு, மூணு குடும்பத்துக் கதையைக் கேட்டு, ரெண்டு குடும்பத்துக்குத் தீர்ப்பும் சொல்லிட்டாங்க.

தோப்புத்துறை, வேதாரண்யம் தாண்டி கடைசி ஸ்டேஷன் அகஸ்தியம்பள்ளி. இறங்கினா ரெண்டு பக்கமும் உப்பளம். காலை வெயில்ல வெள்ளையா, கண்ணைக் கூச வைக்குது. 1930 ஏப்ரல் 13-ல திருச்சியிலேருந்து ராஜாஜி தலைமையில நடந்தே கிளம்பினவங்க ஏப்ரல் 28-ல வேதாரண்யம் வந்து சேர்ந்தாங்க. 30-ந் தேதி தடையை மீறி உப்பு அள்ளினாங்க. அதோட நினைவா அகஸ்தியம்பள்ளியில ஒரு தூண் நிக்குது. அப்பாயி அதைக் காட்டி, 'அவுக நடந்தாக. நாம சொகமா வந்துட்டோம்'னாங்க.

வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். டிரைவர் பையை எடுத்துக்கிட்டு அந்த முனைக்கு நடந்துக்கிட்டிருந்தார். நான் சொன்னேன்ல!

அங்கேருந்து கொஞ்ச தூரத்துலதான் கோடியக்கரை. குளிர்காலத்துல பூநாரைக் கூட்டம், வருஷம் பூரா வெளிமான்கள். காலேஜ் லீவுல போறவங்க ரயில் ஓடற நாளையும் நேரத்தையும் விசாரிச்சுட்டுப் போங்க. இல்லேன்னா பூண்டி கொசுவோட நட்பாகிடுவீங்க.

பத்து ரூபாய் போன்

கோரிமேட்டுக்குத் திரும்பி வந்ததும் வேதாகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். 'உங்க அப்பாயிக்கு வியாதிக்கு மாத்திரை ஜிப்மர்ல இருக்குடா. வர்றதுக்கு மாத்திரை அந்த டெமுதான்.'

நமக்கு ரயில்னா வந்தே பாரத், எத்தனை மணி நேரத்துல சென்னை, சார்ஜ் போட பிளக் இருக்கா... இதான் பேச்சு. தப்பில்லை. ஆனா கோரிமேட்டு காலைக் கூட்டத்துல மஞ்சப் பையோட நிக்கறவங்க கேக்கறது வேற. நிக்குமா? ஏற முடியுமா? எவ்வளவு? இந்த மூணு கேள்விக்கும் பதில் சொல்றது எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கற இந்தக் குட்டி ரயில்கள்தான். டீசலோ கரண்டோ, அதுல அப்பாயிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மேல கம்பி வந்துட்டா டெமு போய் மெமு வரும். அது வரட்டும். புகை இல்லை, சத்தம் இல்லை, நல்லதுதான். ஆனா இன்ஜின் மாறும்போது ஸ்டேஷனும் கட்டணமும் சேர்ந்து மாறிடக் கூடாது. ஒரு தடவை பேர் மாறினதுக்கே எத்தனை கார்டுல எத்தனை தேதி விட்டுப்போச்சோ!

2024 பிப்ரவரி கடைசியில பாசஞ்சர் ரயில்களோட குறைஞ்ச கட்டணம் மறுபடி 10 ரூபாய் ஆச்சு. பேப்பர்ல பார்த்தேன், மறந்துட்டேன். மார்ச்ல ஒரு நாள் சாயந்திரம், தெரியாத நம்பர்லேருந்து போன்.

'தம்பி, நாந்தான் அப்பாயி. பக்கத்துல இருக்கற புள்ளகிட்ட போன் வாங்கிப் பேசறேன். புதுச்சேரி டேசன்ல எறங்கிட்டேன். விழுப்பொரத்துலேருந்து பத்து ரூவாதான் வாங்குனாங்க!'

'அப்பாயி! கூட யாரு வந்திருக்கா?'

'யாரும் வரலய்யா. தனியாத்தான் வந்தேன். நாளைக்குத்தானே ஆஸ்பத்திரி தேதி?'

நானும் வேதாவும் சட்டையைக்கூட மாத்தாம ஸ்டேஷனுக்கு ஓடினோம். பசிலிக்கா பக்கத்துல, மஞ்சப் பையை மடியில வச்சுக்கிட்டு, அப்பாயி டீ குடிச்சிக்கிட்டிருந்தாங்க.